காவல் தாண்டிய காவலன்



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் மனிதர், குளிர்காலம் வந்தால் ஏரியும் ஆறும் மாதக்கணக்கில் கல்லாக உறைந்து கிடக்கும் கனடா தேசத்தில் ஒரு சிற்றூரிலே பிறந்து, ஐஸ் ஹாக்கி என்னும் விளையாட்டில் பன்னிரண்டு பருவங்களுக்குள் 657 ஆட்டங்கள் மட்டுமே ஆடி, இடது முழங்கால் இனி ஒருபோதும் தம்மைத் தாங்காது என்று கண்டபின் முப்பதாவது வயதிலேயே களத்தைவிட்டு விலகிக்கொண்ட பாபி ஆர். அவருடைய திறமையை வருணிப்பது எளிது, பலர் செய்திருக்கிறார்கள். என் மனத்தில் நெடுநாளாகத் தங்கியிருப்பது வேறொன்று. அவர் வாழ்வில் இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். ஒருவர் சிறுவனின் சுபாவத்தைத் திருத்தும் அதிகாரம் தமக்கு இருந்தும் திருத்தாமல் விட்டார். மற்றவர் இளைஞனின் முழு விசுவாசத்தையும் பெற்றிருந்தும் அதற்கு உரியவராக நடந்துகொள்ளவில்லை. முந்தியவரால் ஒரு விளையாட்டின் இலக்கணமே மாறிற்று. பிந்தியவரைத் தம் சகோதரரைப் போல நம்பியதற்கு அந்த வீரர் கொடுத்த விலை பெரிது. இந்த இருவரையும் விட்டுவிட்டுப் பாபி ஆரின் கதையைச் சொல்வது பாதிக் கதையைச் சொல்வதாகும்.

இந்த விளையாட்டை நேரில் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஏறத்தாழ 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனிக்கட்டித் தளம். அதைச் சுற்றிலும் பலகைச் சுவர். காலணியின் அடியில் பொருத்திய எஃகுத் தகட்டின்மேல் சறுக்கிக்கொண்டு, கையில் வளைகோலுடன், பக்கத்துக்கு ஆறு பேர் ஆடுகிறார்கள். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமும் ஒரு அங்குலக் கனமும் கொண்ட ரப்பர் வட்டு. ஆறு பேரில் ஒருவர் கோல் காவலர். மூவர் முன்சென்று கோல் போட முயல்பவர்கள். எஞ்சிய இருவரே தற்காப்பு ஆட்டக்காரர்கள். எதிரி பாய்ந்து வரும்போது குறுக்கே நிற்பது, உடம்பால் மோதித் தடுப்பது, வட்டு கிடைத்ததும் அதை முன்னணியினரிடம் சேர்த்துவிட்டுத் தம் இடத்திலேயே நின்றுகொள்வது: இவ்வளவுதான் அவர்களுடைய தர்மம் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்தார்கள். இந்தக் கட்டுப்பாட்டுக்குத் தக்க காரணம் இல்லாமலும் இல்லை. பனியின்மேல் ஓட்டத்தின் வேகம் மிக அதிகம். முன்னே போன காவலன் வட்டைப் பறிகொடுத்தால், அவன் திரும்பி வருவதற்குள் எதிரி காவலற்ற வாசலை அடைந்துவிடுவான்.

கோட்டை வாசலை விட்டு நீங்காத காவலன் என்ற இந்த மரபை மீறியவர்கள் ஆருக்கு முன்பும் உண்டு என்பதை நியாயம் கருதிச் சொல்லிவிட வேண்டும். ஆர் பின்னாளில் ஆடிய பாஸ்டன் அணியிலேயே முப்பதுகளில் எடி ஷோர் என்ற முரட்டு வீரர் வட்டைத் தாமே எடுத்துக்கொண்டு முன்னே பாய்ந்து, தேசிய ஹாக்கி லீகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய ஹார்ட் விருதை நான்கு முறை பெற்றார். மான்ட்ரியலின் டக் ஹார்வி பின்னாலிருந்தபடியே ஆட்டத்தின் வேகத்தை ஏற்றவும் இறக்கவும் வல்லவராக இருந்தார். ஆனால் இவர்கள் பாய்ந்ததையும் நடத்தியதையும் உலகம் அவர்களுடைய தனித் திறமையாகப் போற்றியதே அன்றி, தற்காப்பு என்பதற்கே வேறு பொருள் இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஒண்டாரியோ மாகாணத்தில் ஜார்ஜியன் விரிகுடாவின் கரையில் இருக்கிறது பாரி சவுண்ட் என்ற ஊர். 1948ஆம் வருஷம் மார்ச் 20ஆம் தேதி அங்கே ராபர்ட் கார்டன் ஆர் பிறந்தான். தந்தை டக், அருகே நோபல் என்னும் கிராமத்தில் இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வெடிமருந்து வியாபாரத்தால் ஆல்பிரட் நோபலின் பெயர் அந்தக் கிராமத்துக்கு வந்தது. ஐந்து குழந்தைகள்; செழிப்பான குடும்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் விரிகுடா உறைந்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொதுச் சொத்து. நடுவரும் இல்லாமல், எத்தனை பேர் என்ற கணக்கும் இல்லாமல், ஒரே வட்டின் பின்னால் இருபது முப்பது சிறுவர்கள் மொய்த்துக்கொண்டு ஆடும் ஆட்டத்தை அந்நாட்டில் ஷின்னி என்பார்கள். அந்தக் கூட்டத்தில் வட்டு ஒருமுறை கையைவிட்டுப் போனால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கிடைத்ததை விடாமல் வைத்துக்கொள்வதையும், நெருங்கி வருபவனை முடுக்கும் வளைவுமாக ஏய்த்து விலகுவதையும் எவரும் கற்றுக்கொடுக்காமலே அந்தச் சிறுவன் கற்றுக்கொண்டான்.

இங்கேதான் முதற்பெரியவர் வருகிறார். பக்கோ மெக்டொனால்ட் என்பது அவர் பெயர். டெட்ராய்ட், டொரண்டோ அணிகளுக்காக ஆடி, லீகின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்ற பழைய தற்காப்பு ஆட்டக்காரர். பிறகு அந்தப் பகுதியின் பிரதிநிதியாகக் கனடாவின் பாராளுமன்றத்திலும் பல ஆண்டுகள் இருந்தவர். அவர் வேகமாகச் சறுக்குகிறவர் அல்லர். கனத்த உடம்போடு நின்ற இடத்தில் நின்று, வருகிறவனை மோதி வீழ்த்தியே பெயரெடுத்தவர். அப்படிப்பட்டவர் தம் ஊர்ச் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்க வந்தபோது, தம்மிடம் இருந்த எந்தக் குணமும் இல்லாத, மெலிந்த, மின்னலைப் போல விரைகிற ஒரு பையனைக் கண்டார். இத்தனை வேகம் உள்ளவனை முன்னணியில் அல்லவா ஆடவிட வேண்டும் என்று தந்தைக்கே தோன்றியது. பக்கோ உடன்படவில்லை. பையன் தற்காப்புக்கென்றே பிறந்தவன் என்று உறுதியாகச் சொல்லி அவனைப் பின்னணியில் நிறுத்தினார்; நிறுத்தியபின், வட்டு கிடைக்கும்போதெல்லாம் அதை எடுத்துக்கொண்டு ஓடு என்றும் அவரே சொன்னார்.

இந்த இரண்டு தீர்மானங்களில் ஒன்றை மட்டும் அவர் செய்திருந்தால் நமக்கு இன்று பேச விஷயமே இருந்திருக்காது. முன்னணிக்கு அனுப்பியிருந்தால் வேகமான முன்னணி வீரர்களில் மற்றொருவன் கிடைத்திருப்பான். பின்னணியில் நிறுத்தி மரபுப்படி கட்டிப்போட்டிருந்தால் ஒழுங்கான காவலன் ஒருவன் கிடைத்திருப்பான். தாம் ஆடிய முறையே ஆட்டத்தின் முறை என்று எண்ணுவது பழுத்த அநுபவசாலிகளுக்கு இயல்பாக வருகிற குறை. தமக்கு முடியாத ஒன்று தம் மாணவனுக்கு முடிகிறது என்பதைக் கண்டு, அதைக் குற்றமாக எண்ணாமல் சந்தோஷப்பட்ட அந்த மனத்தை நான் பாபி ஆரின் கால்களுக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

1961இல் கனனாக்வே என்ற ஊரில் நடந்த ஒரு போட்டிக்கு வேறு இரு சிறுவர்களை நோட்டமிட வந்த பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் அதிகாரிகள், பன்னிரண்டோ பதின்மூன்றோ வயதுள்ள இந்தப் பையனைப் பார்த்தபின் வந்த காரியத்தை மறந்துவிட்டார்கள். அந்தக் காலத்து முறை இன்று நமக்குக் கொடியதாகத் தோன்றும். ஒரு தாளில் கையெழுத்திட்டால் சிறுவன் ஆயுள் முழுவதும் அந்த ஒரே அணிக்குக் கட்டுப்பட்டவன். பாரி சவுண்டின் சிறுவர் ஹாக்கிக்குப் பாஸ்டன் பணம் கொடுத்தது. வீட்டுக்கு ஆள் மேல் ஆள் வந்தது. 1962இல், பதினான்காவது வயதில், ஒரு தொகைக்கும் ஒரு காருக்கும் வீட்டின் வெளிச்சுவருக்குப் பூச்சுப் பூசித் தருவதாகச் சொன்ன வாக்குக்குமாக அந்தத் தாளில் கையெழுத்து விழுந்தது. ஓஷாவா ஜெனரல்ஸ் என்ற இளைஞர் அணியில், தன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர்களோடு பையன் ஆடத் தொடங்கினான். பிள்ளை இன்னும் சிறியவன் என்று பெற்றோர் கவலைப்பட்டதால் முதல் வருஷம் வீட்டிலேயே இருந்து, ஆட்ட நாட்களில் மட்டும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போய் வந்தான்.

எழுத்தறிந்த உலகத்தின் பேரம் நமக்குத் தெரியாது, நம்மை ஏமாற்றிவிடுவார்கள் என்ற அச்சம் அந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இருந்தது. அது நியாயமான அச்சம். அதைப் போக்குவதற்காகவே டொரண்டோவிலிருந்த ஆலன் ஈகிள்சன் என்ற இளம் வழக்கறிஞரை அவர்கள் நாடினார்கள். அவரும் தம் சாமர்த்தியத்தைக் காட்டினார் என்பதை மறைப்பதற்கில்லை. 1966இல் பாஸ்டன் நிர்வாகி ஹாப் எம்ஸ் என்பவருடைய படகிலே கையெழுத்தான ஒப்பந்தம், அதுவரை புதிய ஆட்டக்காரர் எவரும் பெற்றிராத ஊதியத்தைப் பதினெட்டு வயது பாபிக்குக் கொடுத்தது. அதைக் கண்டு மற்ற ஆட்டக்காரர்களும் தங்கள் உழைப்புக்கு விலை கேட்கத் துணிந்தார்கள். மறுவருஷம் ஆட்டக்காரர் சங்கம் பிறந்தபோது அதன் தலைமை நிர்வாகியாக ஈகிள்சனே அமர்ந்தார். ஒரே மனிதர் சங்கத்துக்கும் தலைவர், தனித்தனி ஆட்டக்காரர்களுக்கும் முகவர். அன்று அதில் எவரும் குற்றம் காணவில்லை.

பாபி சேர்ந்த முதல் பருவத்தில் பாஸ்டன் அணி கடைசி இடத்தையே பிடித்தது. ஆயினும் முதல் வருஷ வீரர்களில் சிறந்தவருக்குரிய கால்டர் விருது அவருக்குக் கிடைத்தது. அதே வருஷம் தலைசிறந்த தற்காப்பு வீரருக்குரிய நாரிஸ் விருதைப் பெற்ற நியூயார்க்கின் ஹாரி ஹவல், இதை இப்போதே பெற்றுவிட்டது நல்லதாயிற்று, இனி இது அந்தப் பையனுக்கே சொந்தமாகிவிடும் என்ற கருத்துப்படப் பேசினார். தீர்க்கதரிசனம்தான். 1968 முதல் 1975 வரை தொடர்ந்து எட்டு வருஷங்கள் அந்த விருது வேறொருவரிடம் போகவில்லை.

1969-70 பருவத்தில் நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். லீகிலேயே அதிகப் புள்ளி பெறுகிறவருக்கு ஆர்ட் ராஸ் விருது என்று ஒன்று உண்டு. ஒரு கோலுக்கு ஒரு புள்ளி, ஒரு கோலுக்கு உதவினால் ஒரு புள்ளி. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் அதை வாங்குவது, வாயிற்காப்போன் படையெடுத்துப் போய் நாட்டைப் பிடித்தான் என்பது போன்ற செய்தி. அந்தப் பருவத்தில் ஆர் 33 கோல்களும் 87 உதவிகளுமாக 120 புள்ளிகள் பெற்று அதை வாங்கினார். அதோடு நாரிஸ், ஹார்ட், இறுதிக்கட்டப் போட்டிகளில் சிறந்தவருக்குரிய கான் ஸ்மைத் ஆகிய மூன்றையும் அதே பருவத்தில் பெற்றார். இந்த நான்கையும் ஒரே வருஷத்தில் பெற்றவர் அவரையன்றி வேறு எவரும் இல்லை. 1974-75இல் 46 கோல்களோடு ஆர்ட் ராஸ் விருதை மீண்டும் வென்றார். தற்காப்பு ஆட்டக்காரர்களில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

முன்னே ஓடிக் கோல் போட்டாரே, பின்னே காவல் என்னாயிற்று என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களுக்கு விடை சொல்வது வேறொரு கணக்கு. ஒருவர் தளத்தில் இருக்கும்போது, பெரும்பாலும் இருதரப்பும் சமபலத்தோடு ஆடுகையில், தம் அணி போட்ட கோல்களைக் கூட்டி, எதிரணி போட்டவற்றைக் கழித்து வருவது அது. 1970-71இல் 139 புள்ளிகள் பெற்ற ஆருக்கு இந்தக் கணக்கில் கிடைத்தது 124. இன்றுவரை அதை மிஞ்சியவர் இல்லை. இந்த ஓர் எண்ணையே நான் அவருடைய எல்லாக் கோல்களுக்கும் மேலாக வைப்பேன். வட்டு தம்மிடம் இருக்கும்வரை எதிரி கோல் போட முடியாது என்பதுதான் அவருடைய தற்காப்புச் சாஸ்திரம். தம் அணியில் ஒருவர் தண்டனைக்காக வெளியே உட்கார்ந்திருக்கும் ஆபத்தான நிமிஷங்களில், அவர் வட்டை வளைகோலின் நுனியில் ஒட்டவைத்தாற்போலக் கொண்டு தளமெங்கும் வட்டமிட்டு வருவார். ஐந்து பேர் துரத்தியும் பிடிக்க முடியாமல் தண்டனை நேரம் கழிந்துபோகும். முன்னே போன முயற்சி தவறினாலும், எதிரி திரும்புவதற்குள் தாம் திரும்பி வந்து குறுக்கே நிற்கும் வேகம் அவருக்கு இருந்தது. நம் சடுகுடுவில் பாடிப் போகிறவனே திரும்பி வந்து பிடிக்கிறவனாகவும் நிற்கிறானே, அதை நாம் ஆச்சரியமாகக் கருதுவதில்லை. ஐஸ் ஹாக்கியில் அந்த ஒருமையை ஒரு தனிமனிதர் தம் காலின் வலிமையால் நிலைநாட்ட வேண்டியிருந்தது.

1970 மே 10, ஞாயிற்றுக்கிழமை. பாஸ்டன் கார்டன் அரங்கில் செயிண்ட் லூயிஸ் புளூஸ் அணியுடன் இறுதிப்போட்டித் தொடரின் நான்காவது ஆட்டம். முதல் மூன்றையும் பாஸ்டன் வென்றிருந்தது. 1941க்குப் பிறகு அந்நகரம் ஸ்டான்லி கோப்பையைக் கண்டதில்லை. ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று சமமாகி, முதல் கோலோடு முடியும் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. தொடங்கி அரை நிமிஷம்தான் ஆகியிருக்கும். எதிரணி தன் பகுதியிலிருந்து வட்டைப் பலகையோரமாக வெளியேற்ற முனைந்தது. மரபறிந்த தற்காப்பு ஆட்டக்காரர் அந்த இடத்தில் பின்வாங்கியிருப்பார். ஏனெனில் முன்னே பாய்ந்து வட்டைத் தவறவிட்டால், தமக்குப் பின்னே வெறுமையான பனித்தளம்தான் இருக்கும், ஒரு நொடியில் வெற்றியே கைமாறும். ஆர் முன்னே பாய்ந்தார். வட்டு அவர்மேல் பட்டு நின்றது. கோலுக்குப் பின்புறம் இருந்த டெரக் சாண்டர்சனிடம் அதைத் தள்ளிவிட்டு, நேரே கோல் வாசலை நோக்கி விரைந்தார்; திரும்பி வந்த வட்டைக் கிளென் ஹால் என்ற பேர்பெற்ற கோல் காவலரைத் தாண்டி வலைக்குள் செலுத்தினார். நாற்பதாவது விநாடி. அதே கணத்தில் நோயல் பிக்கார்ட் என்ற எதிரணி வீரரின் வளைகோல் அவர் காலைத் தட்டிவிட, கைகளை விரித்தபடி, வாய் திறந்த ஆனந்தத்தோடு, தரைக்கு இணையாக அவர் அந்தரத்தில் மிதந்தார். ரே லூசியர் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டார். வேறொருவர் எழுந்து போயிருந்த ஆசனத்தில் அவர் தற்செயலாக உட்கார்ந்திருந்தார் என்று சொல்வதுண்டு.

அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் பறத்தலைப் பார்க்கிறார்கள். எனக்கோ அதற்கு ஐந்தாறு விநாடிகளுக்கு முன், எந்தப் படத்திலும் சிறப்பாகக் காட்டப்படாத அந்தப் பாய்ச்சலே கண்ணில் நிற்கிறது. ஒரு நகரத்தின் இருபத்தொன்பது வருஷத்து ஏக்கம் தொங்கிக்கொண்டிருந்த வேளையில், காவலை விட்டு முன்னே போகலாம் என்று அவருடைய கால்கள் தயங்காமல் நிர்ணயித்தன. பாரி சவுண்டில், பழைய காவலர் ஒருவர், ஓடு என்று சொல்லி அநுமதித்த கால்கள் அவை.

1972இல் மறுபடியும் கோப்பை; மறுபடியும் வெற்றிக் கோல் அவருடையதே. ஆனால் அதற்குள் இடது முழங்கால் கரையத் தொடங்கிவிட்டது. முதல் காயம் முதல் பருவத்திலேயே பட்டது. வட்டோடு முழு வேகத்தில் எதிரிகளுக்கு இடையே புகுகிறவரை எல்லாத் திசையிலிருந்தும் மோதுவார்கள்; அவர் ஆடிய முறையே அவர் முழங்காலுக்குப் பகையாயிற்று. சிறு துளையிட்டுக் குழல்வழியே மூட்டுக்குள் பார்த்துச் செய்யும் சிகிச்சை இன்று சாதாரணம். அன்றோ மூட்டைத் திறந்து, கிழிந்த குருத்தெலும்பை அகற்றிவிடுவார்கள். அகற்ற அகற்ற எலும்போடு எலும்பு உராயும். ஒரு டஜனுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. 1972இல் கனடாவின் தலைசிறந்த வீரர்கள் சோவியத் நாட்டோடு எட்டு ஆட்டங்கள் ஆடியபோது, அணியோடு சென்றும் ஆர் ஓர் ஆட்டத்திலும் இறங்க முடியவில்லை. 1976இல் நாடுகளுக்கிடையேயான கனடா கோப்பைப் போட்டி வந்தபோது, ஏறக்குறைய ஒற்றைக் காலோடு என்றே சொல்லும் நிலையில் ஏழு ஆட்டங்கள் ஆடி ஒன்பது புள்ளிகள் பெற்று, அந்தப் போட்டி முழுவதிலும் சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டார். அதுதான் அணையப்போகும் விளக்கின் கடைசிச் சுடர்.

அதே வருஷம் பாஸ்டனை விட்டுச் சிக்காகோ அணிக்குப் போனார். பாஸ்டன் நிர்வாகம் தம்மை வேண்டாமென்று கைவிட்டது என்றே அவர் நம்பியிருந்தார்; உண்மையில் அணியின் உடைமையில் 18.5 சதவீதப் பங்கைத் தருவதாகப் பாஸ்டன் முன்வந்திருந்தது. அந்தச் செய்தியைத் தம் முகவர் ஈகிள்சன் தமக்குச் சொல்லவில்லை என்பது ஆரின் கூற்று. சிக்காகோவில் மூன்று வருஷங்களில் அவரால் ஆட முடிந்தது 26 ஆட்டங்கள். ஆடாத காலத்துக்கு வந்த சம்பளக் காசோலைகளை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆடுவதற்குத்தானே ஊதியம் என்றார். 1978 நவம்பரில் ஓய்வை அறிவித்தபோது, கையிருப்பைவிட வரிப்பாக்கியும் கடனும் அதிகமாக இருந்தன. பதினெட்டு வயதிலிருந்து தம் பணத்தையெல்லாம் யாரிடம் ஒப்படைத்திருந்தாரோ அவரை விட்டு 1980இல் பிரிந்தார்.

இதை நான் கோபமின்றிச் சொல்ல முடியவில்லை. தொண்ணூறுகளில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிறிய பத்திரிகையான ஈகிள்-டிரிபியூனில் ரஸ் கான்வே என்ற நிருபர் வருஷக்கணக்காகத் துருவி ஆட்டக்காரர் சங்கத்தின் விவகாரங்களை வெளிக்கொணர்ந்தார். 1998 ஜனவரியில் ஈகிள்சன் முதலில் பாஸ்டனிலும் பிறகு டொரண்டோவிலும் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் நீடித்தால் எங்கள் பெயர்களை எடுத்துவிடுங்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் பலர் நின்றார்கள். அவர்களில் ஆரும் ஒருவர். ஈகிள்சன் விலகினார். அந்த மண்டபத்தில் ஆர் இடம்பெற்றது 1979இல். வழக்கமான மூன்று வருஷக் காத்திருப்பைத் தள்ளிவைத்து, 31 வயதில், அதுவரை எவரும் பெறாத இளம் பிராயத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பாஸ்டன் அரங்கின் வெளியே இன்று அந்தரத்தில் மிதக்கும் கோலத்திலேயே அவருக்கு வெண்கலச் சிலை நிற்கிறது. பாரி சவுண்டில் அவர் பெயரால் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. அவர் தாமே தேர்ந்துகொண்ட பிற்காலத் தொழில் என்ன தெரியுமா? இளம் ஹாக்கி ஆட்டக்காரர்களுக்கு முகவராக இருப்பது. ஒரு தாளில் கையெழுத்திடப்போகும் பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோர்கள், எதைக் கேட்கலாம், யாரை நம்பலாம் என்று அறிய அவரிடம் வந்தார்கள். நம் காலத்தின் தலைசிறந்த ஐஸ் ஹாக்கி வீரராக எண்ணப்படும் கானர் மெக்டேவிட், அப்படி அவருடைய நிறுவனத்தின் பொறுப்பில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர்.